யாருடைய நெஞ்சு

அத்தியாயம் 11

மூன்று நாளாக ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அருள்செல்விக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

திங்கட்கிழமை காலை கம்பெனி கேட்டுக்குள் நுழைந்த ஜேம்ஸ், கிரைண்டிங் செக்‌ஷன் வாசலுக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கூட வேலை பார்க்கும் கரியப்பன்தான் அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டு, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அன்றிலிருந்து ஜேம்ஸின் மூக்கில் ஆக்சிஜன் குழாய். அருள்செல்வியின் வாயில் ஒரே பேச்சு.

"ஆஸ்துமாதாங்க. என் தம்பியே டாக்டரு. அவன்தான் ரெண்டு வருஷமா பார்த்துட்டிருக்கான்."

இதை நர்சிடம் சொன்னாள், பில் கவுன்டரில் சொன்னாள், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தளி ஊர்க்காரப் பெரியவரிடமும் சொன்னாள். அவருக்குக் கன்னடம்தான் சரளம், ஆனாலும் விடவில்லை. சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது என்பதை மறைப்பானேன்?

பெருமை இருக்காதா பின்னே! அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி வெஸ்லினுக்குப் பன்னிரண்டு வயது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டே அவனை ஆளாக்கினாள். கேட்டு வந்த இரண்டு வரன்களை, "தம்பி ஸ்கூல் முடிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். சேலத்தில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று, ஒரு சின்ன வெள்ளிச் சிலுவையைச் சங்கிலியில் கோத்து அவன் கழுத்தில் போட்டுவிட்டாள். பையனுக்குப் படிக்கும்போது எதையாவது கடிக்க வேண்டும். ஐந்து வருஷம் அந்தச் சிலுவையைக் கடித்தே படித்தான். பாஸாகி வந்தபோது அதன் ஒரு கை மேல் பக்கமாக வளைந்திருந்தது. புதுசு வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "இதுதான்க்கா எனக்குப் பாஸ் மார்க் வாங்கிக் குடுத்துச்சு" என்று சிரித்தான்.

அந்த வெஸ்லின்தான் இப்போது ஜேம்ஸ் வேலை பார்க்கும் வார்ப்படக் கம்பெனியின் கிளினிக் டாக்டர். வீட்டுக்காரரைத் தம்பியே பார்த்துக்கொள்கிறான் என்றால், ஒரு பெண்ணுக்கு இதைவிட நிம்மதி வேறென்ன வேண்டும்?

அந்த நிம்மதிக்குப் புதன்கிழமை காலை பத்து மணி வரைதான் ஆயுள் இருந்தது.

*

நெஞ்சு நோய் டாக்டர் ஃபிசாவுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் கார் ஓட்டிக்கொண்டு வருகிறவர். பேச்சில் சுற்றி வளைப்பதெல்லாம் கிடையாது. முந்தின நாளே அருள்செல்வியிடம், "பழைய எக்ஸ்ரே படம் எல்லாம் வீட்ல இருக்குமில்ல? ஒண்ணு விடாம எடுத்துட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்.

காலையில் முதல் டவுன் பஸ்ஸில் மத்திகிரியில் இருக்கும் வீட்டுக்குப் போய், பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்த உறைகளை எடுத்து வந்திருந்தாள் அருள்செல்வி. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனிக்கு எக்ஸ்ரே வண்டி வரும். ஷிஃப்ட் முடிந்தவர்கள் டோக்கன் வாங்கி வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பெங்களூரில் யாரோ ஒருவர் அதைக் கம்ப்யூட்டரில் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவார். கிளினிக் டாக்டர் அதன் மேல் 'ஃபிட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, படத்தையும் ஆளிடமே கொடுத்துவிடுவார். அப்படி மூன்று வருஷத்துப் படங்கள். கடைசி இரண்டிலும் தம்பியின் கையெழுத்து.

டாக்டர் ஃபிசா முதலில் உறைகளைத் தொடவில்லை. ஜேம்ஸின் கட்டிலருகே போய்க் குனிந்தார்.

"சார், நேத்து உங்ககிட்ட சொன்னத உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லலாமா? வேண்டாம்னா நானா சொல்ல மாட்டேன். ஆனா அவங்க நேராக் கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்."

ஜேம்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார்.

தனக்குத் தெரியாமல் நேற்றே ஏதோ பேசியிருக்கிறார்கள் என்பது அருள்செல்விக்குச் சுருக்கென்றது. அவள் கேட்பதற்குள் டாக்டர் திரும்பிவிட்டார்.

"இது ஆஸ்துமா இல்லம்மா. வார்ப்படத்துல ஒட்டியிருக்கற மணல அரைக்கறப்போ பறக்குதில்ல, அந்தத் தூசி. வருஷக்கணக்கா நெஞ்சுக்குள்ள போய்ப் படிஞ்சு நுரையீரல் இறுகிப் போச்சு. பழையபடி ஆக்க மருந்து கிடையாது. இதுக்கு மேல மோசமாகாம பார்த்துக்கலாம்."

"இல்லீங்க மேடம். போன வருஷம்கூட படம் நல்லா இருந்துச்சே. ஃபிட்னு எழுதியிருக்கு, பாருங்க."

"அதத்தான் பாக்கணும்."

டாக்டர் தன் அறைக்கு அழைத்துப்போய், வெளிச்சப் பெட்டியில் மூன்று படங்களையும் வரிசையாக மாட்டினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு முதல் படத்தில் தோள்பட்டைக்குக் கீழே பேனாவால் தொட்டார்.

"இது என்ன தெரியுதா? பிளேட்டு. ஆறு ஸ்க்ரூ."

"தெரியும்ங்க. ராயக்கோட்டை ரோட்டுல வண்டியில இருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிஞ்சு போச்சு. ஆறு வருஷம் ஆச்சு. ஆபரேஷன் தியேட்டர்ல என் தம்பியே கூட நின்னான்."

"சரி. இந்தப் படத்துலயே பாருங்க, பொடிப்பொடியா வெள்ளையா இருக்கு. நோய் அப்பவே ஆரம்பிச்சாச்சு, படம் பாத்தவங்க கவனிக்காம விட்டிருக்காங்க. இப்ப அடுத்த ரெண்டையும் பாருங்க."

அருள்செல்வி பார்த்தாள். இரண்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தன. அவளுக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை.

"பிளேட்டு எங்கம்மா?"

பிளேட் இல்லை. ஸ்க்ரூவும் இல்லை. கழுத்தெலும்பு இரண்டு பக்கமும் முழுசாக இருந்தது.

"உள்ள வெச்ச பிளேட்டு தானாக் கரையாது. இந்த ரெண்டு படமும் உங்க வீட்டுக்காரரோடது இல்ல. அவர் டோக்கன்ல வேற யாரோ போய் நின்னிருக்காங்க. அவசரத்துல கழுத்துச் சங்கிலியக்கூட கழட்டல." டாக்டர் பேனாவை நகர்த்தினார். "இங்க பாருங்க."

நெஞ்சுக்கு நடுவில், எலும்பைவிட வெள்ளையாக ஒரு சிலுவை.

ஜேம்ஸ் கழுத்தில் எதுவும் போடுவதில்லை. கிரைண்டிங் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கழுத்தில் நூல்கூடக் கூடாது. கல்யாணத்துக்குப் போட்ட சங்கிலியே பீரோவில்தான் கிடக்கிறது. அருள்செல்வி பெட்டிக்குப் பக்கத்தில் போனாள். சிலுவையின் ஒரு கை மேல் பக்கமாக வளைந்திருந்தது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த டாக்டர் வெஸ்லின்..." உறையிலிருந்த கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார் ஃபிசா. "உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"என் தம்பிங்க."

டாக்டர் ஃபிசா படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புரிந்துகொண்டார். வெளிச்சப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தார்.

"நான் ஒளிக்காம சொல்லிடறேம்மா. இந்த நோய யாருக்குக் கண்டுபிடிச்சாலும் ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு எழுதணும். அது சட்டம். அத நான் இன்னிக்கே எழுதுவேன். ஆனா இந்தப் படங்க உங்க பொருள். பிடுங்கி வெச்சுக்க எனக்கு உரிமை இல்ல. இதையும் சேத்து அனுப்பினா உங்க தம்பியோட டாக்டர் பதிவே போகலாம். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் இருப்பேன். யோசிச்சு வாங்க."

"நீங்களா இருந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"உங்ககிட்ட சொல்றதா வேண்டாமான்னு நான் நேத்தே தூங்காம யோசிச்சுட்டேன். உங்களுக்காக நான் யோசிக்க முடியாது."

*

ஜேம்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அருள்செல்வி கட்டிலைச் சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

"ஏங்க, உங்களுக்குத் தெரியுமா?"

ஜேம்ஸ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா உங்களுக்கு ஆவி பிடிக்க வெச்சேன். தூதுவளை அரைச்சுக் குடுத்தேன். ஓசூர் குளிரு ஒத்துக்கலைன்னு கட்டில ஜன்னல் பக்கத்துல இருந்து மாத்திப் போட்டேன். மாடிப்படி ஏற முடியலைன்னப்போ சோம்பேறின்னு திட்டினேனே, அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"நான்தான் செல்வி அவங்கிட்ட கெஞ்சினேன்." ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினார். "நம்ம பொண்ணு ஜெசி நர்சிங் முடிக்கட்டும்னு. உனக்குத் தெரிஞ்சா... அன்னிக்கே வேலைய விடச் சொல்லிடுவே."

"ஆமா, விடச் சொல்லியிருப்பேன்! விட்டிருந்தா இந்தக் குழாய் இல்லாம இருந்திருப்பீங்க!"

தளிக்காரப் பெரியவர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். அருள்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். அழுகையைவிடக் கோபம் முந்தியது. புருஷனும் தம்பியும் சேர்ந்து தன்னை ஒரு குழந்தையாக்கி ஏமாற்றியிருக்கிறார்கள். தான் உயிரை விட்டுப் பார்த்துக்கொண்ட இரண்டு பேர்.

*

வெஸ்லின் வந்தபோது மணி பதினொன்றரை. கையில் ஃபிளாஸ்க்.

"சாப்பிட்டியாக்கா? கஞ்சி கொண்டாந்திருக்கேன்."

அவள் பேசாமல் அவனை மாடிப்படித் திருப்பத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன, ஆள் நடமாட்டம் இல்லை.

"படத்துல இருக்கறது உன் நெஞ்சாடா?"

வெஸ்லினின் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போனது. பொய் சொல்ல அவன் முயலவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"மாமா கேட்டாருக்கா. படத்துல வெள்ளை தெரிஞ்சா மறுநாளே கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். வேற செக்‌ஷன் எல்லாம் குடுக்க மாட்டாங்க. பெங்களூர்ல பாக்கறவருக்குச் சுத்தமா ஒரு படம் போகணும். வரிசை முடிஞ்சப்புறம் அவர் டோக்கன்ல நான் போய் நின்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை?"

"நோயாளி யார்கிட்டயும் சொல்லாதேன்னா டாக்டர் சொல்லக் கூடாதுக்கா. பொண்டாட்டிகிட்டகூட. எங்களுக்கு முதல்ல சொல்லிக் குடுக்கறதே அதுதான்."

"பொய்ப் படத்துக்குப் போய் நிக்கவும் சொல்லிக் குடுத்தாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். முப்பத்தெட்டு வயது ஆளிடம் பன்னிரண்டு வயதுப் பையனின் முகம் வந்து போனது. அதுதான் அவளை எப்போதும் இளக்கும். இன்றும் இளக்கப் பார்த்தது.

"நான் எழுதி அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கற? என்னை மாத்திட்டு வேற டாக்டர வெச்சுக்குவாங்க. அவன் கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடுவான். நான் இருந்தா மாமாவுக்கு மாத்திரையாவது ஒழுங்காக் குடுக்கலாம்னு நினைச்சேன். எது சரின்னு எனக்கே தெரியலக்கா."

"வேற யாருக்காவது இப்படி நின்னியா?"

"இல்லக்கா."

"வெஸ்லின், என்னைப் பார்த்துச் சொல்லு."

அவன் சட்டைக்குள்ளிருந்து சிலுவையை எடுத்து விரல்களுக்குள் பிடித்துக்கொண்டான். "சத்தியமா. மாமாவுக்காக மட்டும்தான். உனக்காகத்தான்னு வெச்சுக்கயேன்."

அவள் மனசு பாதி இறங்கிவிட்டது. செய்தது தப்புதான், ஆனால் பாசத்தில் செய்த தப்பு. மடியில் வளர்ந்தவன். மன்னிப்புக் கேட்கப் போகிறான், கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நின்றாள்.

வெஸ்லின் கையை நீட்டினான்.

"அந்தப் படங்கள எங்கிட்ட குடுத்துடுக்கா."

அருள்செல்வி உறைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மாமா எப்படி இருக்கிறார் என்று அவன் இன்னும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"குளிச்சுட்டுத் துணி எடுத்துட்டு வரேன். அது வரைக்கும் உன் மாமாகிட்ட உட்காரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் அவன் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

*

மத்திகிரியில் இறங்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. கால்நடைப் பண்ணைச் சுவரை ஒட்டிய சந்தில், ஒரே வரிசையில் எட்டு வாடகை வீடுகள். கடைசி வீடு அருள்செல்வியுடையது, அதற்கு முந்தினது கரியப்பனுடையது.

வழியெல்லாம் அவள் முடிவு செய்துகொண்டே வந்திருந்தாள். படங்களைப் பழைய இடத்திலேயே வைத்துப் பூட்டிவிடுவது. நோயை டாக்டரம்மா எழுதட்டும், அது அவர் கடமை. தம்பியைக் காட்டிக்கொடுப்பது அக்காவின் கடமை இல்லை. மன்னிக்க முடியாவிட்டாலும் மறைக்கலாம் அல்லவா?

சாவியை எடுப்பதற்குள் கரியப்பன் மனைவி நாராயணம்மா ஓடி வந்தாள்.

"அக்கா, அண்ணனுக்கு எப்டி இருக்குது? மூச்சு சரியாச்சா?"

"ஆஸ்துமா இல்லையாம் நாராயணம்மா. மணல் தூசியாம். நெஞ்சு இறுகிப் போச்சாம்."

"அய்யோ தேவரே!" கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு நாராயணம்மா கன்னத்தில் கை வைத்தாள். பயம் சட்டென்று அவள் கண்ணில் ஏறி, சட்டென்று இறங்கியது. "நல்லவேளை, எங்க வீட்டுக்காரருக்கு அப்டி எதுவும் இல்லக்கா. இவருக்கும் இருமல் இருந்துச்சே, நானும் பயந்துனு கிடந்தேன். உங்க தம்பி டாக்டரேதான் படத்தைப் பார்த்து, நெஞ்சு சுத்தமா இருக்கு, பயப்படாதேன்னாரு."

உள்ளே இருமல் சத்தம் கேட்டது. வறண்ட இருமல். இரண்டு வருஷம் தன் வீட்டில் கேட்ட அதே இருமல்.

"செகண்ட் ஷிஃப்டா?" என்றாள் அருள்செல்வி.

"ஆமாக்கா, நேத்துல இருந்து மாத்திப் போட்டாங்க. பஸ்ஸு வர்ற நேரம். கிளம்பினு இருக்காரு."

"நாராயணம்மா, அந்தப் படத்தைக் கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. டாக்டரின் அக்கா கேட்டால் காரணம் இருக்கும். சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்திருந்த உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வண்டியில எடுத்ததா இது?"

"அங்கதான் எடுத்தாங்களாம். முதல்ல எடுத்தது சரியா விழலையாம்க்கா. நீ வீட்டுக்குப் போ, நான் வேற படம் போட்டுத் தரேன்னு டாக்டரு இவரை அனுப்பிட்டாராம். ஒரு வாரம் கழிச்சு இதைக் குடுத்தாரு. எவ்ளோ நல்ல மனுசன் பாருங்க."

அருள்செல்வி படத்தை உருவி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வெயில் கூசியதில் முதலில் எதுவும் பிடிபடவில்லை. படத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.

கழுவிவிட்ட மாதிரி சுத்தமான நெஞ்சு. அதன் நடுவில் சிலுவை. ஒரு கை வளைந்த சிலுவை.

ஜேம்ஸுக்காவது தெரிந்து நடந்தது. கெஞ்சிக் கேட்டு நடந்தது. இந்தக் கரியப்பன் யாரையும் கெஞ்சவில்லை, அவருக்கு எதுவும் தெரியாது. நெஞ்சு சுத்தம் என்று நம்பி நேற்றும் தூசிக்குள் போனார், இன்றும் போகக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். மாமாவுக்காக மட்டும்தான் என்று, அவள் போட்டுவிட்ட சிலுவையையே பிடித்துக்கொண்டு அவள் கண்ணெதிரே சத்தியம் செய்தான் அவள் வளர்த்த பிள்ளை. பாசத்தில் செய்த தப்பு என்று எண்ணி மன்னிக்கப் பார்த்தாளே, அந்த நினைப்பே அவளுக்கு இப்போது அவமானமாக இருந்தது.

சந்து முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. டிபன் கேரியரோடு கரியப்பன் வெளியே வந்து, "என்னம்மா, ஜேம்ஸு எப்டி?" என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினார்.

"நாராயணம்மா," என்றாள் அருள்செல்வி. "அண்ணன இன்னிக்கு பஸ் ஏற விடாதே."

"ஏன்க்கா? படம் நல்லாத்தான இருக்கு?"

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது உன் வீட்டுக்காரர் நெஞ்சு இல்ல. என் தம்பியோடது."

நாராயணம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அருள்செல்வி கரியப்பனின் படத்தைத் தன் மூன்று உறைகளோடு சேர்த்துக் கையில் இடுக்கிக்கொண்டாள். டாக்டர் ஃபிசா சொன்ன நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. ஜன்னல் ஓரங்களில் கிரைண்டிங் செக்‌ஷன் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே யாரோ இருமினார்கள். கொஞ்சம் தள்ளி இன்னொருவர் இருமினார். அவர்களில் எத்தனை பேர் வீட்டு பீரோவில் அந்தச் சிலுவை பத்திரமாக இருக்கிறது என்று தெரியாமல், அருள்செல்வி சந்தின் நடுவில் பஸ்ஸைப் பார்த்தபடி நின்றாள்.